கொலுப்படியில் என் பட்டுச்சேலை

எங்கள் பிறந்த வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் கிடையாது. நவராத்திரி என்றால் எங்களுக்குக் கடைசி இரண்டு நாள்தான். அரிவாள், மண்வெட்டி, மாடு ஓட்டும் தார்க்குச்சி முதற்கொண்டு கழுவி எடுத்து, சந்தனம் தெளித்து, பொரிகடலை வைத்துக் கும்பிட்டால் பண்டிகை முடிந்தது. பொம்மைக்குப் படி கட்டி அதற்குத் தினமும் சுண்டல் அவிக்கிற வேலையை எங்கள் தெருவில் யாரும் செய்ததில்லை. அண்ணன் தஞ்சாவூரில் வீடு கட்டிக் குடிபோன பிறகு அந்தப் பழக்கம் எங்கள் குடும்பத்துக்குள் வந்தது. கொண்டு வந்தவர் அண்ணி.

அவரையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் வீடு கட்டிய குடியிருப்பு நகரில் வீட்டுக்கு வீடு கொலு. புரட்டாசியில் அமாவாசை கழிந்ததும் பெண்கள் குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போய் அழைத்துவிட்டு வருவார்கள். அழைக்கப்பட்டவர்கள் பட்டுக் கட்டிக்கொண்டு போய், பாடத் தெரிந்தால் பாடி, தெரியாவிட்டால் பொம்மையைப் புகழ்ந்து, சுண்டலும் வெற்றிலை பாக்கும் ரவிக்கைத் துணியும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். அண்ணி சில வருஷம் எல்லார் வீட்டிலும் வாங்கிக்கொண்டே இருந்தார். திருப்பிக் கொடுக்க வேண்டாமா என்று யாரோ சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான், நம் வீட்டிலும் கொலு என்று முடிவாகிவிட்டது.

நான் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அதே வருஷம்தான். என் கணவர் வலங்கைமான் பக்கத்தில் நிலம் வைத்துப் பயிர் செய்துகொண்டிருந்தவர். ஒருநாள் காலையில் தண்ணீர் பாய்ச்சப் போனவர் வரப்பில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. வருஷத் திவசம் முடிகிறவரை கொழுந்தன் வீட்டார் பொறுத்துக்கொண்டார்கள். பிறகு, கூடப்பிறந்தவர் இருக்கும்போது நாங்கள் என்ன சொல்வது என்று ஆரம்பித்தார்கள். அண்ணன் காரில் வந்து என்னையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனார். வழி முழுக்க அவர் பேசவில்லை. அம்மாப்பேட்டை தாண்டும்போது மட்டும், "சாப்பிட்டியா பாப்பா?" என்று கேட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது. அண்ணன் என்றால் எனக்கு அவ்வளவு பிரியம், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த இடம் சமையலறைக்குப் பின்னால், ஸ்டோர் ரூமில். அண்ணி கெட்டவார்த்தை பேசுகிறவர் அல்ல, குரலை உயர்த்துகிறவரும் அல்ல. "உனக்குத் தனியா இருந்தாத்தானே நிம்மதியா இருக்கும்" என்று பாயை அங்கே போட்டார். "காலையில எழுந்தா உனக்கும் பொழுது போகணுமே" என்று வாசல் கூட்டுவதைக் கொடுத்தார். பொழுது போகட்டும் என்றே துணி துவைப்பது, பாத்திரம், சமையல் எல்லாம் ஒவ்வொன்றாக என் கைக்கு வந்தன. ஏற்கனவே வந்துகொண்டிருந்த வேலைக்காரப் பெண் ஒருநாள் நின்றுபோனாள். ஏன் நின்றாள் என்று நான் கேட்கவில்லை. இடுப்பில் செருகிய சேலையும் வயலில் வெடித்த காலுமாக விடியற்காலையில் கோலம் போடுகிறவளைப் பார்த்தால் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள்? வேலைக்காரி என்றே நினைத்தார்கள். அண்ணி அதைத் திருத்தவில்லை. அண்ணனாவது திருத்துவார் என்று நான் காத்திருந்தேன். ஒரே ஒருவரிடம், வாசலில் பால் ஊற்றுகிறவரிடமாவது, இது என் தங்கச்சி என்று ஒரு தடவை சொன்னால் போதும் என்று இருந்தேன். வேறு எதையும் அந்த வீட்டில் நான் எதிர்பார்க்கவில்லை.

கொலுவுக்கு வருகிறேன். அண்ணன் காசு விஷயத்தில் இறுக்கிப் பிடிக்கிறவர். பொம்மைகளுக்கு மட்டும் எப்படியோ அண்ணி சம்மதம் வாங்கிவிட்டார். படி கட்டவும் அலங்காரத்துக்கும் ஒரு பைசா கிடையாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். அண்ணி என்னிடம் வந்து, "உனக்குத்தான் கை வேலை நல்லா வருமே" என்றார். எனக்குக் கை வேலை வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை. ஆனால் வரும்.

அரிசி டிரம், டிரங்குப் பெட்டி, பழைய பெஞ்சு, பலகை எல்லாம் சேர்த்து ஐந்து படி கட்டினேன். ஜவுளிக் கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாய்களைக் கேட்டு வாங்கி, அதன்மேல் கிழிந்த கோரைப்பாயைச் சுற்றிக் கோயில் தூண் மாதிரி இரண்டு பக்கமும் நிறுத்தினேன். தென்னங்கீற்றில் கிளியும் குருத்தோலையில் தோரணமும் பின்னினேன். செய்தித்தாளை ஊறவைத்து அரைத்து மைதாப் பசை போட்டுப் பிசைந்து யாளி முகம் செய்தேன். அது கொஞ்சம் அண்ணி சாயலில் வந்துவிட்டது, அதை நான் வேண்டுமென்று செய்யவில்லை. மூலைக் கடையில் கேட்டு வாங்கிய அட்டைகளை இதழ் இதழாக வெட்டி, ரோஸ் பெயிண்ட் அடித்துத் தாமரை செய்தேன். அவை முட்டை அடுக்கி வரும் அட்டைகள். அம்பாள் காலடியில் அந்தத் தாமரையைத்தான் அண்ணி வைத்தார். முட்டை என்ற பேச்சையே வீட்டுக்குள் எடுக்காத ஒரு மாமி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்த வீட்டில் நான் சிரித்தது அன்றுதான்.

மரப்பாச்சி ஜோடி ஒன்றையும் அண்ணி வாங்கியிருந்தார். ஆணும் பெண்ணுமாக ஒரு சாண் உயரத்தில் மரப் பொம்மைகள். கொலு வைக்கிறவர்கள் வருஷாவருஷம் அதற்குப் புது உடுப்பு போடுவார்களாம். ரவிக்கை வெட்டிய துண்டில் புடவையும், பழைய வேட்டிக் கரையில் வேட்டியும் நான்தான் தைத்து உடுத்தினேன். கருகமணியில் தாலி கோத்தேன். கோத்ததைப் பொம்மையின் கழுத்தில் போடப் போனபோது அண்ணி என் கையைப் பிடித்தார். மெதுவாகத்தான் பிடித்தார்.

"அதை நான் போட்டுக்கறேன். பொட்டும் நானே வெச்சுடறேன். தப்பா நெனைச்சுக்காத. நாம புதுசா வைக்கிறோம் பாரு, குறை ஒன்னும் வந்துடக் கூடாதுல்ல?"

நான் சரி அண்ணி என்றேன். வேறு என்ன சொல்வது? மரக்கட்டைக்குப் பொட்டு வைத்தால் மரக்கட்டை தாலி அறுத்துவிடுமா என்று கேட்டிருக்கலாம். அண்ணன் ஹாலில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது. கட்டைவிரல் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பவும் நகர்ந்தது.

படிகளின் மேல் விரிக்க ஒரு துணி வேண்டியிருந்தது. வெள்ளை வேட்டி எடுப்பாக இல்லை என்றார் அண்ணி. என் டிரங்குப் பெட்டியிலிருந்த சாமான்களை அரிசிச் சாக்கின்மேல் எடுத்து வைத்துவிட்டுத்தான் பெட்டியைப் படியாக்கியிருந்தேன். அந்தச் சாமான்களில் என் கல்யாணப் பட்டும் இருந்தது. அரக்குச் சேலை, பச்சைக் கரை. அண்ணி அதை எடுத்துப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுவே பாந்தமா இருக்கும் போலருக்கே. நீ இனிமே எங்க கட்டப் போற? பெட்டியில கெடந்து மடிப்பு விட்டுத்தான் போகும்."

அந்தச் சேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தான் எனக்குக் கல்யாணம் செய்து வைத்தார். அப்போது அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. கும்பகோணத்தில் ஒரு கடைக்கு என்னை அழைத்துப் போய், கடைக்காரர் இறக்கிப் போட்ட சேலைகளையெல்லாம் தள்ளிவிட்டு, "என் தங்கச்சிக்குங்க. நல்லதா எடுத்துப் போடுங்க" என்றார். அந்தக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். பிறகு இந்த அரக்குச் சேலையைத் தன் கையால் என் தோளில் போட்டுப் பார்த்தார். நான் அதைக் கல்யாணத்தன்று கட்டினேன், அப்புறம் ஒவ்வொரு பொங்கலுக்கும் கட்டினேன். அண்ணி அதைப் படியில் விரித்துக் குண்டூசி குத்தும்போது அண்ணன் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "வண்டிச் சாவி எங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு சுண்டலுக்குப் பட்டாணி ஊறப்போட்டேன்.

மாலையில் பெண்கள் வரும் நேரத்தில் நான் சமையலறையை விட்டு வரக்கூடாது. அண்ணி அதை உத்தரவாகச் சொல்லவில்லை. "நீ ஏன் அந்தக் கூட்டத்துல வந்து சங்கடப்படணும்?" என்று சொன்னார். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு திரை. அதன் ஓரத்தில் பாதி ஹால் தெரியும். அங்கே நின்று நான் தாளித்துக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருப்பேன். யாளியைப் புகழ்ந்தார்கள், தூணைத் தட்டிப் பார்த்தார்கள். "எல்லாம் நீங்களே கையால பண்ணினதா?" என்று கேட்டபோது, அண்ணி, "ஏதோ, தெரிஞ்ச வரைக்கும்" என்று தலையைச் சாய்த்தார். பொய் சொல்வதில் இவ்வளவு அடக்கத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

இதையெல்லாம்கூட நான் சாஸ்திரம் என்று விழுங்கியிருப்பேன். இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ டாக்டரம்மா வந்தார். அடுத்த தெருவில் பெரிய வீடு அவருடையது. நகரிலுள்ள பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவர்கள். அவர் கணவர் போய்ப் பல வருஷமாகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அண்ணிக்கும் தெரியும், என்னிடம் சொன்னதே அண்ணிதான். டாக்டரம்மா நுழைந்ததும் அண்ணி ஓடினார், ஜமக்காளத்தைத் தட்டிப் போட்டார், மின்விசிறியைத் திருப்பிவிட்டார். கிளம்பும்போது குங்குமச் சிமிழை நீட்டி, "எடுத்துக்குங்கம்மா" என்றார். டாக்டரம்மா ஒரு பொட்டு எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி, சுண்டல் எல்லாம் கொடுத்து, வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டும் வந்தார் அண்ணி.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அந்தச் சாஸ்திரம் எந்த வீட்டுப் படியில் ஏறும், எந்த வீட்டுப் படியில் ஏறாது என்று அன்றைக்கு எனக்கு விளங்கிவிட்டது. பெரிய வீடும் சொந்தக் காரும் இருந்தால் ஒரு பெண்ணின் நெற்றியில் தோஷம் கிடையாது. ஸ்டோர் ரூமில் படுக்கிறவளுக்கு மட்டும் பொம்மையைத் தொட்டாலும் தோஷம். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அண்ணிமேல் இருந்தது பயமல்ல. வெறுப்பு, நல்ல முற்றிய வெறுப்பு.

நெல் வந்தது அப்போதுதான். குறுவை அறுவடை நேரம். கொழுந்தனுக்குப் போன் செய்து, அறுவடை மெஷின் இறங்கத் தோதாக மூலையைக் கையால் அறுப்பீர்களே, அந்தக் கதிரில் நாலு கட்டு அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். மெஷின் அறுத்தால் கதிர் கிடைக்காது, வைக்கோல் கூளம்தான். என் கணவர் உயிர்விட்ட அதே வயலின் நெல். கொழுந்தன் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார். அதில் நான் கதிர்க்குஞ்சம் கட்டினேன். தாளை முழங்கை நீளத்துக்கு விட்டு, சருகை உரித்து, ஈரச்சாக்கில் சுற்றி ஒரு ராத்திரி வைத்தால் நெல்தாள் நூல் மாதிரி வளையும். ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னிக்கொண்டே போனால் கதிரெல்லாம் கீழே சரம் சரமாகத் தொங்கும். எங்கள் பக்கத்தில் இதைக் குருவிக்காக வாசலில் கட்டுவார்கள். அண்ணி வாசலில் கட்டவில்லை, ஹாலில் கொலுவுக்கு நேர் மேலே கட்டினார்.

நகரே அந்தக் குஞ்சத்தைப் பார்க்க வந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு செலவில்லாமல் இவ்வளவு அழகா என்றார்கள். எங்களுக்கும் சொல்லித் தாருங்கள் என்றார்கள். அண்ணி ஆகாசத்தில் மிதந்தார். "அதுக்கென்ன, அஷ்டமியன்னிக்கு சாயங்காலம் எல்லாரும் வாங்க. மறுநாள் சரஸ்வதி பூஜை, கத்தரிக்கோலைத் தொடக் கூடாதுல்ல?" என்று தேதியும் குறித்துவிட்டார். திரைக்குப் பின்னால் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அண்ணி என்னிடம் வந்து உட்கார்ந்தார். அந்த ஸ்டோர் ரூமில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. எப்படிப் பின்னுவது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். மீதியிருந்த ஈரக் கதிரில் திரும்பத் திரும்பப் பின்னிப் பார்த்தார், சுமாராக வந்தது. "இவ்வளவுதானா?" என்று எழுந்துபோய்விட்டார்.

அண்ணி பட்டுக்கோட்டைக்காரர். தென்னந்தோப்பு வீட்டுப் பெண். தேங்காயை உடைத்து வெயிலில் போட்டுக் கொப்பரையாக்குவதைப் பார்த்தே வளர்ந்தவர். எதுவும் நன்றாகக் காய்ந்தால் நல்லது என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. அஷ்டமிக்காகக் கொழுந்தனிடம் மறுபடி கேட்டு வரவழைத்த கதிர்க்கட்டுகள் கொஞ்சம் பச்சையாக இருந்தன. வருகிறவர்கள் போட்டோ எடுப்பார்கள், தங்க நிறமாக இருக்க வேண்டும் என்று, கட்டுகளை எல்லாம் மொட்டை மாடியில் பரப்பிவிட்டார். புரட்டாசி வெயில் உங்களுக்குத் தெரியும். நெல் விளைகிற ஊரில் பிறந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், தாள் காய்ந்தால் ஒடியும், கதிர் காய்ந்தால் உதிரும் என்று. நான் துணி காயப்போட மாடிக்கு இரண்டு முறை ஏறினேன். இரண்டு முறையும் அந்தக் கதிரைத் தாண்டிக்கொண்டு போனேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே ஒரு கட்டை மட்டும் எடுத்து ஈரச்சாக்கில் சுற்றிக் குளியலறை மூலையில் வைத்துக்கொண்டேன். இதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

அஷ்டமி சாயங்காலம் ஹால் நிறையப் பெண்கள். டாக்டரம்மாவுக்கு மட்டும் நாற்காலி. அண்ணி நடுவில் உட்கார்ந்து, காய்ந்த கதிரை மடியில் வைத்து, "மொதல்ல மூனு தாளை இப்படி எடுத்துக்கணும்" என்று வளைத்தார். சடக். சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுத்தார். சடக். ஒவ்வொரு தாளும் ஒடிய ஒடிய நெல் பொலபொலவென்று ஜமக்காளத்தில் கொட்டியது. "போன தடவை நல்லா வந்துச்சே" என்றார். நெற்றியில் வியர்வை. பெண்கள் ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கினார்கள். திரைக்குப் பின்னால் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். பொங்கல் பானை பொங்குகிற சந்தோஷம் அது.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மேல தொங்குறத யாரு பண்ணினது?" என்று கேட்டார்.

அண்ணன் அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்து, வாசல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சொன்னார்:

"எங்க வீட்ல வேலைக்கு ஒரு அம்மா இருக்காங்க. அவங்க கொஞ்சம் ஒத்தாசை பண்ணாங்க. கிராமத்துக்காரங்க, இந்த மாதிரியெல்லாம் தெரியும்."

நான் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையின் ஓரத்தில் அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. அவர் வாய் திறக்கும் என்று நினைத்தேன். அவர் ஒரு சாக்ஸை இன்னொரு சாக்ஸுக்குள் சுருட்டித் திணித்தார்.

"கூப்பிடுங்க, பாப்போம்" என்றார் டாக்டரம்மா.

அண்ணி கூப்பிடுவதற்குள் நானே திரையைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். கையில் ஈரச்சாக்குக் கட்டு. தரையில் உட்கார்ந்து, எல்லார் முன்னாலும், ஒரு தாள்கூட ஒடியாமல், ஒரு நெல்கூட உதிராமல் முழுக் குஞ்சம் பின்னி முடித்தேன். முடித்ததும் கை தட்டினார்கள். அண்ணியும் தட்டினார்.

டாக்டரம்மா ஆள் தேடிக்கொண்டிருந்தவர். அவரை நான் தெய்வம் என்று சொல்ல வரவில்லை. அவருக்குச் சமைக்க ஒரு நல்ல கை வேண்டும், அவ்வளவுதான்.

"நம்ம வீட்டுக்கு வந்துடறீங்களா? பின்னால தனி ரூம் இருக்கு, பாத்ரூம் இருக்கு. சமையல் மட்டும் பாத்துக்கிட்டா போதும். இந்த மாதிரி செய்யறதுக்கும் நேரம் கெடைக்கும்" என்றார்.

அண்ணிக்கு மூச்சே நின்றிருக்கும். இரண்டு ஆள் வேலை செய்கிற கை போகிறது. ஆனால் அவரே சொல்லிவிட்டார், வேலைக்கு இருக்கிற அம்மா என்று. வேலைக்கு இருக்கிறவளைக் கூப்பிட யாருக்கும் உரிமை உண்டு.

நான் எழுந்து அண்ணன் எதிரில் போய் நின்றேன். அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. கொடுத்ததில் விஷமும் இருந்தது, ஆசையும் இருந்தது. ஆசைதான் அதிகம்.

"அந்தம்மா வேலைக்குக் கூப்பிடறாங்க. என்னங்க ஐயா சொல்றீங்க?"

'ஐயா' என்று கேட்டதும் அண்ணன் நிமிர்ந்தார். சின்ன வயசில் நான் வாய்க்காலில் விழுந்தபோது கரையிலிருந்து என்னைப் பார்த்தாரே, அதே பார்வை. அன்று உடுத்திய வேட்டியோடு குதித்தார். இப்போதும் குதிப்பார் என்று நினைத்தேன். யாரு உனக்கு ஐயா, உள்ள போ பாப்பா என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஸ்டோர் ரூமிலேயே கடைசிவரை கிடந்திருப்பேன்.

அவர் ஹாலைப் பார்த்தார். நாற்காலியில் டாக்டரம்மா, ஜமக்காளத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள், நடுவில் அவருடைய மனைவி.

"அவங்க இஷ்டம்" என்றார் பொதுவாக, சுவரைப் பார்த்து.

எனக்கு அழுகை வரவில்லை. கொலுப்படியைக் காட்டினேன்.

"அந்தப் படியில விரிச்சிருக்கற பட்டுச்சேலை என்னுது. அதை மட்டும் எடுத்துக்கிட்டுப் போறேன்."

ஹாலில் ஒரு சலசலப்பு. வேலைக்காரிக்கு ஏது இப்படி ஒரு பட்டு? பெண்கள் சேலையைப் பார்த்தார்கள், என் வெள்ளை வாயல் புடவையைப் பார்த்தார்கள். அண்ணி முகத்தில் முதலில் பயம் தெரிந்தது, அப்புறம் பயம் தெளிந்தது. அவருக்கு அதில் ஒரு வழி கிடைத்துவிட்டது.

"பாருங்க" என்றார் எல்லாரையும் பார்த்து, மிகவும் வருத்தத்தோடு. "போற நேரத்துல எப்படிப் பேசறாங்க பாருங்க."

அந்தச் சேலை யாருடையது என்று அங்கே அண்ணனுக்குத் தெரியும். எந்தக் கடையில், எந்த அலமாரியிலிருந்து இறங்கியது என்று தெரியும். யாருக்கு என்று சொல்லி வாங்கினார் என்பதும் தெரியும். கடை முழுக்கக் கேட்கச் சொன்ன அதே வாய்தானே? எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். இந்த முறை தப்பிக்க வழியில்லை. ஒன்று என்னைத் தங்கச்சி என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் திருடி என்று சொல்ல வேண்டும். எனக்கு அப்படித்தான் தோன்றியது. அண்ணனுக்கு மூன்றாவதாக ஒன்று தோன்றியது.

அவர் எழுந்தார். சுருட்டிய சாக்ஸ் கையில் இருந்தது. மனைவியிடம், "விடு, பழைய சேலைதானே, குடுத்துடலாம்" என்றார், நல்ல மனசோடு. பெண்களில் யாரோ ஆமாம் ஆமாம் என்றார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார். பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்பதைத் தவிர வேறு மாதிரி அழைக்காதவர், ஒவ்வொரு வார்த்தையாக, மரியாதையாகச் சொன்னார்:

"இப்ப பொம்மையெல்லாம் இருக்கு. தசமி கழிச்சு எடுத்து வெக்கச் சொல்றேன். பின்பக்கமா வந்து வாங்கிக்கிட்டுப் போங்கம்மா."

சரிங்க ஐயா என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய் அடுப்பை அணைத்தேன்.